தூசி இருந்தால்தான் ஒளிக்கற்றை

தொழிலாளியைப் படமெடுக்க வேண்டுமா? அவருக்குத் தெரியாமல் எடு. கறுப்பு வெள்ளையில் எடு. அப்போதுதான் உண்மை கிடைக்கும். ஒளிப்படம் பழக வரும் இளைஞர்களுக்கு முதல் மாதத்திலேயே ஊட்டப்படும் பாடம் இது. போட்டி நடுவர்கள் இதற்கே பரிசு தருகிறார்கள். கண்காட்சிச் சுவர்களில் இதுவே தொங்குகிறது. பார்க்க வருகிறவர்களும் "எவ்வளவு இயல்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள். இந்தப் பாடம் தவறானது. அது தொழிலாளிக்குச் செய்யும் தீங்கும் கொஞ்சமல்ல.

விருதுநகர் மாவட்டத்துப் பிளவக்கல் அணைக்கு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். வத்திராயிருப்புக்கு மேற்கே மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. மலையின் பச்சை, நீரின் நீலம், நாற்றங்காலில் இறங்கும் கொக்கின் வெள்ளை எல்லாம் வண்ணத்தில் பதிவாகின்றன. அதே கேமரா மலையடிவாரத்தை விட்டு இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படிக்கோ, ராஜபாளையத்து நூற்பாலைக்கோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் விசைத்தறிக் கொட்டகைக்கோ, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடத்துக்கோ, சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் எனப்படும் ஆலைக்கோ போனதும் நிறத்தை உதறிவிடுகிறது. மலைக்கு நிறம் உண்டு. கொக்குக்கு நிறம் உண்டு. உழைக்கிற மனிதருக்கு மட்டும் அது வேண்டாம் என்று முடிவு செய்தது யார்?

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். நிறம் கண்ணைச் சிதறடிக்கும் என்கிறார்கள் அவர்கள். பின்னால் தொங்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி முகத்திலிருந்து பார்வையைப் பிடுங்கிவிடும். நிறத்தை எடுத்துவிட்டால் முகமும் கையும் வியர்வையும் இரும்பும் மட்டும் மிஞ்சும். கேமராவைக் கண்டதும் மனிதர் விறைத்துப்போவார், சட்டையை இழுத்துவிடுவார், சிரிப்பை வரவழைப்பார். அந்த நொடியில் உழைப்பு போய் நடிப்பு வந்துவிடும். ஆகவே அறியாமல் எடுப்பதே நேர்மை. இவை இரண்டும் சேரும்போது படம் அன்றாடத்தைத் தாண்டி, எக்காலத்துக்குமான உழைப்பின் சின்னமாக உயர்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நூற்பாலையில் தலைமுடியிலும் புருவத்திலும் படிந்த பஞ்சிழைகளைக் கறுப்பு வெள்ளை காட்டுவதுபோல வண்ணம் காட்டாது. அதை மறுக்கத் தேவையில்லை. அந்தச் சிறிய உண்மையின் மேல் ஒரு கோட்பாட்டையே கட்டி எழுப்பியதுதான் பிழை.

ஒன்று. யாருக்குத் தெரியாமல்?

இந்த வகைப் படத்துக்குக் 'கேண்டிட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பாடம் நடத்துகிறவர்கள் சொல்வதில்லை. ஜெர்மனியின் எரிக் சாலமன் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1920-களின் இறுதியில், குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமராவோடு அவர் நீதிமன்றங்களுக்குள்ளும் சர்வதேச மாநாட்டு அறைகளுக்குள்ளும் நுழைந்தார். தொப்பிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கேமராவை மறைத்து எடுத்துச் சென்றார். நள்ளிரவு தாண்டியும் பேசிக் களைத்து, நாற்காலியில் சரிந்துகிடந்த அமைச்சர்களை எடுத்தார். அந்தப் படங்களைக் குறிக்கத்தான் லண்டன் பத்திரிகை உலகம் 'கேண்டிட் கேமரா' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சாலமன் 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

ஆக, ஒளிந்து படமெடுப்பது அதிகாரத்துக்கு எதிரான உத்தியாகப் பிறந்தது. தன் தோற்றத்தைத் தானே தீர்மானிக்கும் வல்லமை படைத்தவர்களிடமிருந்து அந்த வல்லமையை ஒரு நொடிக்குப் பறித்தது அது. இன்று நம் ஊர்ப்பக்கம் அந்தக் கேமரா யார் மேல் திரும்புகிறது? கணக்குப் பார்க்கும் முதலாளியை யாரும் ஒளிந்திருந்து எடுப்பதில்லை. தொழிற்சாலை ஆய்வுக்கு வரும் அதிகாரி கோப்பில் கையெழுத்திடும் நொடியை எவரும் மறைந்திருந்து பிடிப்பதில்லை. கேட்காமல் எடுத்தால் கேமராவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்த இடத்தில் எல்லோரும் அனுமதி கேட்கிறார்கள். கேட்காமல் எடுப்பது, மறுக்க வழியில்லாதவர்களிடம் மட்டும்தான்.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். 'கேண்டிட்' என்ற சொல் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்கெல்லாம் போனது கல்யாண ஆல்பம் வழியாகத்தான். அங்கே மணப்பெண் கேமராவைப் பார்க்காமல் சிரிக்கிறாள் என்பது உண்மை. ஆனால் அந்தப் புகைப்படக்காரரை வரவழைத்தது அவள் குடும்பம், பேசிய கூலியைக் கொடுத்தது அவள் குடும்பம், எந்தப் படம் ஆல்பத்தில் வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் அவள் குடும்பமே. தறிக் கொட்டகையில் இவற்றில் ஒன்றாவது உண்டா? ஒரே பெயரில் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் இந்த வழியின் ஆசான்களில் ஒருவர். 1946 நவம்பரில் 'ஃபார்ச்சூன்' இதழில் அவருடைய இரண்டு பக்கப் படத்தொகுப்பு வந்தது. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் டெட்ராய்ட் நகரத்து நடைபாதையில் கடந்துபோன தொழிலாளர்களை, பெரும்பாலும் அவர்கள் கவனிக்காதபோதே, கறுப்பு வெள்ளையில் எடுத்தவை அவை. தொகுப்பின் தலைப்பைத் தமிழில் 'பெயரற்ற உழைப்பு' எனலாம். நேர்மையான தலைப்பு. அந்த முறையால் எதைத் தர முடியாது என்பதை எவன்ஸே தலைப்பில் ஒப்புக்கொண்டுவிட்டார். அதே எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் மேல்கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்த முகங்களைப் புத்தகமாக வெளியிட 1966 வரை காத்திருந்தார். இன்றைய மாணவருக்கு அந்தப் படங்களைக் காட்டுகிறார்கள். கால் நூற்றாண்டுக் காத்திருப்பைச் சொல்லித் தருவதில்லை.

இரண்டு. நின்று எடுத்த படம் பொய் என்றால், வரலாற்றில் பாதியைக் கொளுத்திவிட வேண்டியதுதான்.

தொழிற்கூடப் படங்களில் உலகத்தை அசைத்தவை எவை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரம் கிடைப்பது அரிது. லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்தார். பெரிய கேமரா, முக்காலி, வெடித்து எரியும் ஃபிளாஷ் பவுடர். இவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் அறியாமல் எடுத்துவிட முடியாது. நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் சிறுமியை நிற்கச் சொன்னார். அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள். இயந்திரத்தின் நீளமும் அவளுடைய உயரமும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து வைத்திருந்த ஹைன், அவற்றைக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணக்கிட்டார். பெயர், வயது, எத்தனை மாதமாக வேலை என்று குறித்துக்கொண்டார். அவை நிற்கவைத்து எடுத்த படங்கள்தான். அவற்றில் எது பொய்?

ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவால் பிறவியிலேயே முடங்கிப்போன டொமோகோ உவெமுராவை, அவளுடைய தாய் குளிப்பாட்டும் காட்சியை 1971 டிசம்பரில் யூஜின் ஸ்மித் எடுத்தார். தொழில்துறை மனிதர் மேல் இழைத்த கொடுமைக்கு அதைவிடப் பெயர்பெற்ற சாட்சிப்படம் இல்லை. அது தற்செயலாகச் சிக்கிய காட்சியில்லை. தாயிடம் பேசி, அவர் சம்மதித்து, அவர் வீட்டுக் குளியலறையில் எடுத்தது. டொமோகோ 1977-இல் இறந்தார். பிறகு, மகளின் உடல் ஓயாமல் ஊர் ஊராகப் பார்வைக்கு வைக்கப்படுவது பெற்றோரை வருத்தியது. 1998-இல், ஸ்மித்தோடு மினமாட்டாவில் சேர்ந்து உழைத்த அய்லீன் ஸ்மித், அந்தப் படத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையைக் குடும்பத்திடமே ஒப்படைத்தார். சம்மதம் என்பது ஒருமுறை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் சீட்டு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலே எடுக்கப்பட்டவர்களுக்குத் திரும்பப் பெற என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக் கண் பரிசோதகர் மில்டன் ரோகோவின் இன்னும் எளிய வழியைக் காட்டியிருக்கிறார். 1970-களின் நடுவிலிருந்து எஃகு ஆலை, வார்ப்பாலைத் தொழிலாளர்களை அவர் எடுத்தார். எப்படி நிற்பது என்பதை அவர்களிடமே விட்டார். ஒவ்வொருவரையும் இரண்டு இடங்களில் எடுத்தார்: ஒன்று ஆலையில், இன்னொன்று வீட்டில். ஆலையில் முகமூடியும் கரியுமாக நிற்கும் பெண், வீட்டில் பிள்ளைகளோடு சோபாவில் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆலை ஒரு மனிதரிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்று தெரிகிறது. ரோகோவின் எடுத்ததும் கறுப்பு வெள்ளையில்தான். ஆகவே இக்கட்டுரையின் வழக்கு கறுப்பு வெள்ளையின் மேல் இல்லை. அது மட்டுமே உண்மையின் நிறம் என்ற கூற்றின் மேல்.

'கேட்டுவிட்டு எடுத்தால் விறைத்துப்போவார்கள்' என்பதற்கும் பதில் உண்டு. விறைப்பது முதல் பத்து நிமிடம். தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக் கணக்குக்குக் கூலி வாங்கும் அம்மாவுக்குப் படத்துக்காகக் கையை நிறுத்திவைக்க நேரமில்லை. நிறுத்தினால் கூலி குறையும். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார், கேமரா இருப்பதை மறந்தும் விடுவார். மறைந்து எடுப்பவருக்கு இல்லாதது அந்த அரை மணி நேரம்தான். பத்து நிமிடத்தில் ஒரு கொட்டகையை முடித்து அடுத்த கொட்டகைக்கு ஓடும் அவசரத்துக்கு நேர்மை என்று பெயர் வைக்கக் கூடாது.

அந்த அரை மணி நேரத்தில் கேள்விகளும் வரும். "எதுக்குண்ணே எடுக்கீக?" "எந்தப் பேப்பர்ல வரும்?" "எங்களுக்கு ஒண்ணு தருவீகளா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாதவர் அந்தப் படத்தை எடுக்காமல் இருப்பதே முறை.

மூன்று. நிறம் அலங்காரமாம்! நூற்பாலைக்குள் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரின் நாடித்துடிப்பு நூல். ஆலைக்குள் நிறம் என்பது வேலையின் மொழி. நூலின் கவுண்ட், அதாவது அதன் நம்பர், மாறினால் அதைச் சுற்றும் குழலின் நிறம் மாறும், கோனின் நிறம் மாறும். ஒரு நம்பர் நூலும் இன்னொரு நம்பர் நூலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கலந்துவிட்டால் நெய்த துணியில் கோடு விழும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கோன் வண்டியைத் தள்ளிய பெண். எட்டு மணி நேரமும் அவர் கண் செய்துகொண்டிருப்பது நிறம் பிரிக்கும் வேலை. அந்த நிறத்தை அழித்துவிட்டு அவர் முகத்தில் தெரியும் கவனத்தை மட்டும் காட்டினால், அவர் எதைக் கவனிக்கிறார் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? வேலையைப் பற்றிய படத்திலிருந்து வேலையை வெளியேற்றிவிட்டு, களைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

சத்திரப்பட்டியில் தறியிலிருந்து இறங்கும் காடாத் துணி பழுப்பு. வெளுத்து வந்த பிறகே அது மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜின் வெள்ளை. இடையில் ஒரு முழுத் தொழிலும் அதன் தண்ணீரும் ரசாயனமும் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் இரண்டும் வெளிர் சாம்பல். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடாயில் பால் சுண்டும்போது நிறம் பார்த்துத்தான் கைப்பக்குவம். எந்த நொடியில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதை அந்த நிறம் சொல்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தின் உயிரே அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பட்டாசு ஆபீசில் கந்தகம் மஞ்சள், வெடியுப்பு வெள்ளை, அலுமினியப் பவுடர் வெள்ளி. ஒரு தொழிலாளியின் கையைப் பார்த்து அவர் எந்த அறையிலிருந்து வருகிறார், எந்த ஆபத்தின் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். நிறமற்ற படத்தில் அந்தக் கை வெறும் அழுக்குக் கை.

நிறம் துயரத்தைச் சிதறடிக்கும் என்பவர்களுக்குப் போபால் போதும். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயுவில் இறந்து, மண்ணில் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பாப்லோ பர்த்தலோமியூ அதே குழந்தையை வண்ணத்தில் எடுத்தார். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்படப் பரிசு கிடைத்தது வண்ணப்படத்துக்கு. அதைப் பார்த்தவர் எவருடைய கண்ணும் அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

பிறகு ஏன் பழைய மேதைகள் எல்லோரும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்? வேறு வழி குறைவாக இருந்தது என்பதே பெரும்பகுதி விடை. 1936-இல் 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு வந்த கோடாக்ரோம் வண்ணச்சுருளுக்கு வெட்டவெளி வெயில் வேண்டும். ஆலையின் அரையிருட்டில் அது பயன்படாது. 1954-இல் அதே அளவில் வந்த டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளைச் சுருள் அதைவிடப் பல மடங்கு வேகமானது. வண்ணத்தில் அச்சிடும் வசதி பெரும்பாலான நாளிதழ்களுக்கு வெகுகாலம் இல்லை. அன்றைய கையறுநிலையை இன்றைய அறமாக்கிக் கொண்டிருக்கிறோம். இன்று கையிலிருக்கும் கேமராவும் செல்போனும் நிறத்தோடுதான் பதிவு செய்கின்றன. நிறம் பிறகு நீக்கப்படுகிறது. பதிவான தகவலை அழித்த பிறகு 'இதுதான் உள்ளது உள்ளபடி' என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

நான்கு. அந்த ஒளிக்கற்றை எதனால் ஆனது?

கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியே சாய்வாக இறங்கும் வெயில். அதன் நடுவே குனிந்து நிற்கும் ஒரு மனித உருவம். இந்த வகைப் படங்களில் அதிகம் பாராட்டப்படுவது இந்தக் காட்சிதான். ஒளி தானாகக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மிதக்கும் துகள் மேல் பட்டுச் சிதறினால்தான் கற்றையாகத் தெரியும். நூற்பாலையில் அந்தத் துகள் பஞ்சுத் தூசி. அடுப்படியில் விறகுப் புகை. அரைவை அறையில் ரசாயனப் பொடி. தூசி உறிஞ்சும் அமைப்பு ஒழுங்காக ஓடும் ஆலையில் அந்தக் கற்றை கிடைக்காது. முகக்கவசம் போட்ட தொழிலாளியின் முகச்சுருக்கம் கிடைக்காது. புகைபோக்கி வைத்த அடுப்படியில் 'மர்மம்' கிடைக்காது. காற்று கெடக் கெடப் படம் அழகாகிறது.

இது ஒரு தனி மனிதரின் ரசனைக் குறைபாடு இல்லை. எதற்குப் பரிசு தருகிறோம் என்பதிலேயே கோளாறு இருக்கிறது. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் பிஸினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அதுதான் அதன் தொடக்க அடையாளம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக அதையும் பட்டியலிட்டிருந்தது. அந்த நோயின் காரணத்தைக் காற்றில் மின்னவைத்து, சட்டமிட்டு, வரவேற்பறையில் மாட்டும்போது பார்ப்பவர் மனதில் எழுவது ரசனை. 'இந்தக் கூடத்தில் ஏன் இவ்வளவு தூசி?' என்ற கேள்வி எழ வேண்டிய இடத்தை 'எவ்வளவு அழகான வெளிச்சம்!' பிடித்துக்கொள்கிறது. பட்டாசு ஆலையில் அலுமினியப் பவுடர் படிந்த உடல் கறுப்பு வெள்ளையில் சிலைபோல மின்னுகிறது. அது ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும் உடல் என்று அந்த மினுமினுப்பு சொல்வதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பட்டாசு ஆலைத் தீயில் மாண்ட மாவட்டம் இது.

ஐந்து. 'காலம் கடந்த படம்' என்பது பாராட்டே இல்லை.

சிற்பத்துக்கு அது பெருமையாக இருக்கலாம். தொழிலாளியின் படத்துக்கு அது இழப்பு. கூலிக்கு ஆண்டு உண்டு. வேலைநேரத்துக்கு ஆண்டு உண்டு. சட்டத்துக்குத் தேதி உண்டு. 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த எது தேவை? குழந்தையின் வயது, வேலைசெய்த இடம், நாள். ஆண்டையும் இடத்தையும் துடைத்தெறிந்த படம் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லாது.

தேதியற்ற படம் இரண்டு பக்கமும் வெட்டும். 1980-களில் எடுத்த தீப்பெட்டிச் சிறுவர் படத்தை இன்றையது என்று காட்டினால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வரும் இன்றைய பெண்களின் பிழைப்புக்குப் பழி சேரும். இன்று எடுத்த படத்தைப் பழையது போலக் காட்டினால், 'அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள்' என்று பார்ப்பவர் பெருமூச்சு விட்டுக் கடந்துவிடுவார். இன்றைய கஷ்டம் நேற்றுக்குத் தள்ளப்பட்டுவிடும்.

ஒளிப்படக் கலைஞர் செபாஸ்தியோ சல்காடோவைக் காட்டித்தான் இந்தக் கோட்பாடு தன்னைக் காத்துக்கொள்கிறது. அவரையே பார்ப்போம். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் 1986-இல் அவர் எடுத்த படங்களில், சேற்றில் தோய்ந்த ஆயிரக்கணக்கான உடல்கள் மூட்டைகளோடு ஏணிகளில் ஏறுகின்றன. பார்த்த மாத்திரத்தில் எவர் மனதிலும் தோன்றுவது பிரமிடு கட்டிய அடிமைகள். ஆனால் அங்கே ஒருவரும் அடிமை இல்லை. தங்கத்தில் பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தாமாக வந்தவர்கள் அவர்கள். சல்காடோவே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பொருளாதாரம் படித்து, சர்வதேசக் காப்பி அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். 1993-இல் வந்த 'தொழிலாளர்கள்' நூலில் படக்குறிப்புகளைத் தனிக் கையேடாகவே இணைத்தார். படம் தனியாக நின்றால் பொய்யான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதற்கு அந்தக் கையேடே அத்தாட்சி. அவரைப் பின்பற்றுகிறவர்கள் ஏணியையும் சேற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கையேட்டை விட்டுவிட்டார்கள்.

இனி, எதிர்த்தரப்பின் கையிலிருக்கும் வலுவான ஆயுதம். 'அனுமதி கேட்டால் ஆலைக்குள்ளேயே விடமாட்டார்கள். கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் சுரண்டலின் படம் ஒன்றுகூட வெளியே வராது.' இது வெறும் சாக்கு இல்லை. நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. ஹைனும் ஆலை வாசலில் உண்மையைச் சொல்லவில்லை. பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்றெல்லாம் வேடமிட்டே உள்ளே போனார். ஆனால் உள்ளே போனதும் சிறுமியிடம் ஒளியவில்லை. பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், நிமிர்ந்து பார்க்கவைத்தார். மறைக்க வேண்டியது முதலாளியிடம், தொழிலாளியிடம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பம் தீர்ந்துவிடும். நம் கேண்டிட் படக்காரர்கள் பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: மேலாளரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், தொழிலாளியிடம் மறைக்கிறார்கள்.

மறைத்ததன் விலையைக் கொடுப்பதும் தொழிலாளிதான். விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலைசெய்யும் இளம்பெண்ணின் படம் எங்கோ வெளியாகி, மேற்பார்வையாளர் கண்ணில் பட்டால், கேள்வி கேட்கப்படுவது அவளிடம்: 'யாரை உள்ள விட்ட? என்ன சொன்ன?' உரிமமில்லாத இடத்தில் சரவெடி பின்னும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்தால், அந்த முகமே அவளுக்கு எதிரான ஆவணம். எடுத்தவர் அதற்குள் வேறு ஊரில் இருப்பார். தன் முகம் வரலாமா, கை மட்டும் போதுமா, பெயர் போடலாமா கூடாதா என்று தீர்மானிக்கத் தேவையான தகவல் முழுவதும் அவளிடம் இருக்கிறது. அவளைக் கேட்காமல் எடுப்பவரிடம் அதில் ஒரு துளியும் இல்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மதுரைக்காரரான எம். பழனிக்குமார் மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பதிவு செய்கிறார். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். அவர் எடுக்கும் மனிதர்கள் அவரை அறிந்தவர்கள். வீட்டுக்குள் அழைக்கிறார்கள், இழவு வீட்டில் உட்காரவைக்கிறார்கள். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கவும் அவர் கற்றுத்தருகிறார். கேமரா கை மாறிய பிறகு யாரை யார் அறியாமல் எடுப்பது என்ற கேள்வியே எழாது.

ராஜபாளையத்திலோ விருதுநகரிலோ அடுத்த கண்காட்சிக்குப் படம் அனுப்பும் இளைஞர்களிடம் கேட்கப்பட வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தின் கீழே ஆண்டை எழுதுங்கள். ஊரை எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகளானால் முகமும் பெயரும் வேண்டாம். ஒரு பிரதியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

1910-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து நார்த் பவ்னல் பஞ்சாலையில் ஹைன் ஒரு நூற்புச் சிறுமியை எடுத்தார். வெறுங்காலோடு, இயந்திரத்தின் மேல் ஒரு கை வைத்து, கேமராவை நேராகப் பார்த்து நின்றாள். பெயர் ஆடி கார்டு, வயது 12, ஆனால் ஆலையிலுள்ள பெண்கள் அவளுக்கு 10 வயது என்கிறார்கள் என்று ஹைன் குறித்துவைத்தார். 1998-இல் அந்தப் படம் அமெரிக்க அஞ்சல்தலையாக வந்தது. ஆடி 1993-லேயே முதுமையில் இறந்துவிட்டார். தன் படம் அடைந்த புகழ் அவருக்குத் தெரியாது. எலிசபெத் வின்த்ராப் என்ற எழுத்தாளரும் ஜோ மானிங் என்ற ஆய்வாளரும் 2000-களில் ஊர்ப் பதிவேடுகளைத் துழாவி அவருடைய சந்ததியினரைக் கண்டுபிடித்தார்கள். மானிங் அத்தோடு நிற்காமல், ஹைன் எடுத்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பார்த்தேயிராத படங்களை அவர்களிடம் சேர்த்தார். அவருக்கு உதவியது ஹைன் தன் கைப்பட எழுதிவைத்த பெயரும் ஊரும் ஆலையும் ஆண்டும்தான்.